டைவர்ஜென்ட்: எந்தக் கிண்ணத்தில் உன் ரத்தம்?

மேடையில் ஐந்து கிண்ணங்கள். ஒன்றில் தணல், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண், ஒன்றில் கண்ணாடித் துண்டுகள், ஒன்றில் சாம்பல் நிறக் கற்கள். பெயர் அழைத்ததும் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேலே வருகிறார்கள். கத்தியால் உள்ளங்கையைக் கீறிக்கொள்கிறார்கள். எந்தக் கிண்ணத்தில் ரத்தம் சொட்டுகிறதோ, அந்தப் பிரிவுதான் இனி அவர்களுக்குச் சோறும் கூரையும். மாற்றிக்கொள்ள வழியே கிடையாது. பெற்றோரின் பிரிவை விட்டு வேறு பிரிவுக்குப் போனால், பெற்றோரையும் விட்டுத்தான் போகவேண்டும்.

2014-இல் வெளிவந்த ‘டைவர்ஜென்ட்’ படத்தின் மிகச் சிறந்த காட்சி இதுதான். படம் இரண்டு மணி நேரம் பத்தொன்பது நிமிடம் ஓடுகிறது. முதல் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடும் இந்தக் காட்சியின் உயரத்தை அது பிறகு எட்டவே இல்லை. முதலில் சகோதரன் கேலப் போகிறான். வீட்டில் அத்தனை அடக்கமாக, எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய் உதவும் பிள்ளை. அவன் கை தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் நீள்கிறது. அதிர்ச்சியில் அப்பா உறைந்துபோகிறார். அடுத்து மகள் பீட்ரிஸ். ஒரு பிள்ளை போய்விட்டது, இன்னொன்றாவது மிஞ்சுமா என்று கீழே இருவர் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கை தயங்குகிறது. பிறகு தணலில் ஒரு சொட்டு விழுந்து சுர்ரென்கிறது. அங்கே கறுப்பு உடைக் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இங்கே பெற்றோருக்கு ஒரே நாளில் வீடு காலி.

மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறவள் நான். ஒவ்வோர் ஆண்டும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது மேசைக்குப் பின்னால் என்னையும் உட்கார வைப்பார்கள். இந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு எதிர்கால உலகம் எதுவும் தெரியவில்லை. எங்கள் பள்ளியின் தாழ்வாரம்தான் தெரிந்தது. “மார்க் நன்றாக இருக்கிறதே டீச்சர், பிறகு எதற்குக் காமர்ஸ்? முதல் குரூப்பே போட்டுவிடுங்கள்” என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்தில் நிற்கும் பெண் மதிப்பெண் சான்றிதழின் பிளாஸ்டிக் உறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருப்பாள், அழுக்கே இல்லாத இடத்தில். நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டால் அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். பீட்ரிஸாக நடிக்கும் ஷெய்லீன் உட்லி அந்த மேடையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அவள் முகத்தில் இருப்பதும் அதே முகம்தான்.

கதை இதுதான். பெரும் போருக்குப் பின் நூறாண்டுகள் கழிந்த சிகாகோ. மிச்சிகன் ஏரி வற்றிச் சதுப்பாகிவிட்டது. நகரைச் சுற்றி உயரமான வேலி. இனிச் சண்டை வரக்கூடாது என்று மக்களைக் குணத்தின் அடிப்படையில் ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். தன்னலம் துறந்த அப்நெகேஷன் ஆட்சி நடத்துகிறது; பீட்ரிஸின் குடும்பம் இந்தப் பிரிவுதான். அறிவே பெரிது என்னும் எருடைட் ஆராய்ச்சி செய்கிறது. துணிச்சல்காரர்களான டான்ட்லெஸ் காவல் காக்கிறார்கள். உண்மை விளம்பும் கேண்டர் நீதி பார்க்கிறது. அன்பே வடிவான அமிட்டி உழுது பயிர் செய்கிறது. எதிலும் தேறாதவர்கள் தெருவில். ஒரு பிரிவும் சேர்த்துக்கொள்ளாத அவர்கள் கிழிந்த துணியோடு குளிர் காய்கிறார்கள்.

பதினாறு வயதில் ஒரு திரவத்தைக் கொடுத்து மயக்கிப் பரிசோதிக்கிறார்கள், உனக்கு எது பொருந்தும் என்று. பீட்ரிஸுக்கு மட்டும் விடை ஒன்றாக வரவில்லை; மூன்றாக வருகிறது. சோதனை நடத்தும் டோரி (மேகி க்யூ) பதறிப்போய் அவளைப் பின்வாசல் வழியாக அனுப்புகிறாள். இதை யாரிடமும் சொல்லாதே, உன் அம்மாவிடம்கூடச் சொல்லாதே என்கிறாள். இப்படி எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காதவர்களுக்குப் பெயர்தான் டைவர்ஜென்ட். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் ஆபத்தானவர்கள், கண்டுபிடித்தால் கொன்றுவிடுவார்கள்.

வெரோனிகா ராத் 2011-இல் வெளியிட்ட நாவல் இது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோதே எழுதியது. எழுதியவருக்கும் எந்த வேலை, எந்த வாழ்க்கை என்ற கேள்வி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வயது என்பது கதையில் தெரிகிறது. கல்லூரியில் படிக்கும் ஒருத்திக்குத்தான் இப்படியொரு உலகம் தோன்றும்: உலகமே ஒரு நுழைவுத் தேர்வு, பிறகு ஒரு சேர்க்கைக் கூட்டம், பிறகு விடுதி வாழ்க்கை, சுவரில் தரவரிசைப் பலகை. இயக்குநர் நீல் பர்கர் படத்தைச் சிகாகோவிலேயே எடுத்தார். அந்த முடிவுக்கே அவருக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடலாம். தலைக்கு மேல் ஓடும் ரயில் பாதை அந்த ஊரின் உண்மையான அடையாளம். படத்தில் டான்ட்லெஸ் பிள்ளைகள் அதன் தூண்களில் தொற்றி ஏறி, நிற்காமல் ஓடும் ரயிலில் பாய்ந்து ஏறுகிறார்கள், பாய்ந்தே இறங்குகிறார்கள். நேவி பியர் ராட்டினம் துருப்பிடித்து நிற்கிறது. ஹான்காக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு பீட்ரிஸ் நகரத்துக்கு மேல் பறக்கிறாள். எனக்கு உயரம் ஆகாது. அந்த இரண்டு நிமிடமும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிரிவுகளைப் பார்க்கும்போது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் உறைக்கும். பிறந்த இடத்தை வைத்து மனிதரைப் பிரிப்பதில் நமக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. இந்தக் கதையின் நகரத்திலோ, உறவைவிடப் பிரிவே பெரிது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறார்கள். பிறந்த கூட்டத்தைவிட்டு வெளியேற ஒரு நாள், ஒரு கத்தி, ஒரு சொட்டு ரத்தம் போதும். கொடுமையான உலகம் என்று நமக்குக் காட்டப்படுவது அதுதான். நம்மில் பலருக்கு அது சலுகையாகக்கூடத் தோன்றலாம். இந்த எண்ணம் வந்தபிறகு படத்தை அமெரிக்கக் கண்ணால் பார்ப்பது கொஞ்சம் சிரமமாகிவிட்டது.

பீட்ரிஸ் டான்ட்லெஸுக்குப் போய் ட்ரிஸ் ஆகிறாள். படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சிதான். இதைத்தான் பலரும் இழுவை என்று குறை சொன்னார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. இந்தப் பகுதியில்தான் படம் உண்மையைப் பேசுகிறது. ஒல்லிப் பெண், ஒரு குத்தைக்கூட ஒழுங்காக விடத் தெரியவில்லை. தரவரிசையில் பெயர் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் கடைசியில் வெளியே, தெருவுக்கு. அவளைப் பீட்டர் (மைல்ஸ் டெல்லர்) அடித்து மயங்க வைக்கிறான். கண் விழிக்கும்போது மருத்துவப் படுக்கையில் கிடக்கிறாள். நண்பர்கள் அடுத்த பயிற்சிக்கு ரயிலேறப் போகிறார்கள். நீ வரவேண்டாம், ஆட்டம் முடிந்தது என்கிறார்கள். அவள் எழுந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். வீரவசனம் எதுவும் இல்லை. உதைபட்ட விலா வலிக்க ஓடுகிற ஓட்டம் மட்டும்தான். உட்லியின் நடிப்பில் எனக்குப் பிடித்தது இந்தச் சிக்கனம். அழகாகத் தெரியவேண்டும் என்ற கவலையே இல்லாமல் நடிக்கிறார். அப்நெகேஷன் வீட்டில் கண்ணாடியைக்கூடப் பலகைக்குப் பின்னால் மூடி வைத்திருப்பார்கள், தன் முகத்தைத் தானே பார்ப்பது சுயநலம் என்று. அப்படி வளர்ந்த பெண் எப்படி நிற்பாள், கையை எங்கே வைத்துக்கொள்வாள் என்றெல்லாம் அவர் யோசித்திருக்கிறார்.

பயிற்சியை மேற்பார்வையிடும் டான்ட்லெஸ் தலைவன் எரிக்காக வரும் ஜெய் கோர்ட்னி ஒரு காட்சியில் வயிற்றைக் கலக்குகிறார். சண்டையில் முடியவில்லை என்று கிறிஸ்டினா (ஸோயி கிராவிட்ஸ்) ஒப்புக்கொள்கிறாள். கேண்டர் பிரிவில் வளர்ந்தவள் ஆயிற்றே, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறாள். எரிக் சிரித்துக்கொண்டே அவளைப் பாலத்துக்கு அழைத்துப்போகிறான். பள்ளத்துக்கு மேலே கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொல்கிறான். தாக்குப்பிடித்தால் கோழைத்தனம் மன்னிக்கப்படும். கை நழுவினால் அவ்வளவுதான். சுற்றி நிற்கும் பிள்ளைகள் யாரும் வாய் திறக்கவில்லை. துணிச்சல்காரர்களின் கூட்டத்தில் ஒருவருக்குக்கூடத் துணிச்சல் வரவில்லை. இந்த நையாண்டியைப் படம் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது நல்லது.

ஆல் என்றொரு பையன் வருகிறான். ஆள் மலைபோல் இருந்தாலும் மனம் பூஞ்சை. சண்டையிட மனமில்லை. வரிசையில் கீழே போய்க்கொண்டே இருக்கிறான். பயத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ட்ரிஸ்ஸைத் தாக்கவும் துணிகிறான். மறுநாள் மன்னிப்புக் கேட்கிறான். அவள் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கிறாள். பிறகு அவன் பிணத்தைத்தான் மேலே தூக்குகிறார்கள். தவறான கிண்ணத்தில் ரத்தம் சிந்திய பிள்ளையின் கதை இது. இரண்டாம் வாய்ப்பு இல்லாத ஏற்பாட்டில் நடக்கக்கூடியது இதுதான். படம் அவனுக்காகச் சில நொடிகள் நின்று, அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுகிறது. எனக்கு அவன்தான் கடைசிவரை உறுத்திக்கொண்டிருந்தான்.

என் பெரிய வழக்கும் இங்கேதான் தொடங்குகிறது. எங்கும் பொருந்தாதவள் என்று ஒரு பெண்ணைக் காட்டிவிட்டு, அவளுடைய பொருந்தாமையையே படம் ஒரு பட்டமாக்கிவிடுகிறது. எந்தப் பெட்டியிலும் அடங்காதவளுக்கு ஆறாவதாக ஒரு பெட்டி செய்து, அதற்கு மட்டும் தங்க முலாம் பூசுகிறது. நீ எதிலும் சேராதவள், ஆகவே எல்லாரையும்விட மேலானவள். பதினாறு வயதில் இதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் உண்மையிலேயே எங்கும் பொருந்தாதவர்கள் படத்தில் இருக்கிறார்கள். தெருவில் குளிர் காய்கிறார்களே, அவர்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை, ஒரு முழு வாக்கியம் இல்லை. ட்ரிஸ் எதற்குப் பயந்து ஓடுகிறாளோ, அந்தப் பயத்துக்குப் பொம்மைகளாக மட்டும் நிற்கிறார்கள். கேமரா அவர்களைக் கடந்துபோகும் வேகத்தைப் பாருங்கள். பஸ் ஜன்னல் வழியே பார்ப்பதுபோல் இருக்கிறது.

படமே இந்த வழக்கில் என் பக்கம் சாட்சி சொல்கிறது என்பதுதான் வேடிக்கை. ஃபோர் என்ற பயிற்சியாளன் (தியோ ஜேம்ஸ்) தன் முதுகில் ஐந்து பிரிவுகளின் சின்னங்களையும் பச்சை குத்தியிருக்கிறான். ஒன்றாக மட்டும் இருக்க எனக்கு விருப்பமில்லை; துணிவும் வேண்டும், தன்னலமின்மையும் அறிவும் உண்மையும் அன்பும் வேண்டும் என்கிறான். சரிதான். கிறிஸ்டினாவுக்குத் துணிவும் உண்மையும் இருக்கின்றன. வில் என்ற நண்பனுக்கு அறிவும் துணிவும் இருக்கின்றன. டான்ட்லெஸில் பிறந்து அப்நெகேஷனுக்குப் போன அம்மா, கடைசியில் துப்பாக்கியோடு வந்து நிற்கிறாள். கண்ணில் படுகிற ஒவ்வொருவரும் கலவையாகத்தான் இருக்கிறார்கள். அப்படியென்றால் டைவர்ஜென்ட் என்று தனியாக யார் இருக்கமுடியும்? சோதனை பொய், பிரிவினை பொய் என்று போகவேண்டிய கதை, சோதனை மெய்தான், ஆனால் இவள் அபூர்வம் என்று போய்விடுகிறது. அந்த உலகத்தின் அளவுகோலை முறிக்காமல், அதே அளவுகோலில் கதாநாயகிக்கு முதல் ரேங்க் கொடுப்பதோடு படம் நின்றுவிட்டது.

இருந்தாலும் அச்சச் சோதனைக் காட்சிகளில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. மயக்கநிலையில் பயிற்சியாளர்களுக்குத் தங்கள் பயங்களே காட்சிகளாக வருகின்றன. ட்ரிஸ் கண்ணாடித் தொட்டிக்குள் அடைபட்டிருக்கிறாள், தண்ணீர் ஏறுகிறது. இது நிஜமில்லை என்று அவளுக்கு விளங்கிவிடுகிறது. விரலால் தொடுகிறாள், கண்ணாடி விரிசல் விட்டு உடைகிறது. இப்படித் தப்பிப்பதுதான் ஆபத்து என்கிறான் ஃபோர். டான்ட்லெஸ் ஆள் எப்படித் தப்பிப்பானோ அப்படித் தப்பிக்கக் கற்றுக்கொள், இல்லையென்றால் காட்டிக்கொடுத்துவிடும் என்று சொல்லித் தருகிறான். விடை தெரிந்தும், அவர்கள் எதிர்பார்க்கும் வழியில்தான் விடைக்கு வரவேண்டும். ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) தன் வழியில் சரியாகப் போட்டுவிட்டு, பொதுத்தேர்வில் மதிப்பெண் குறைந்துவிடும் என்று பயந்து, கையேட்டில் உள்ளபடி மறுபடி போட்ட மாணவிகளை எனக்குத் தெரியும். இந்த ஒரு இழையை மட்டும் படம் விடாமல் பிடித்துக்கொண்டு போயிருந்தால் வேறொரு தரத்துக்குப் போயிருக்கும்.

எருடைட் தலைவி ஜீனினாகக் கேட் வின்ஸ்லெட். நீல உடை, வாரிய பொன்னிற முடி, உயராத குரல். மனித இயல்புதான் பகை, அதை ஒழித்தால்தான் அமைதி என்று பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரியின் நிதானத்தோடு பேசுகிறார். படப்பிடிப்பின்போது அவர் கருவுற்றிருந்தார். கையில் எப்போதும் ஏதோ ஒரு கோப்போ பலகையோ வயிற்றை மறைத்துக்கொண்டிருக்கும். தெரிந்துகொண்டு பார்த்தால் அதுவே அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பாவனையாகிவிடுகிறது, எவரையும் நெருங்கவிடாத கேடயம்போல. ஆனால் எழுத்தில் அவருக்கு ஆழம் இல்லை. அப்நெகேஷனை ஏன் அழிக்க நினைக்கிறார் என்பதற்கு ஆட்சி வேண்டும் என்பதைத் தாண்டிக் காரணம் கிடைக்காது. இவ்வளவு பெரிய நடிகையை அழைத்துவந்து இவ்வளவு சிறிய வில்லியாக்கியிருக்கிறார்கள்.

கடைசி முக்கால் மணி நேரம் வழக்கமான துப்பாக்கிச் சண்டை. ஊசி மருந்தால் டான்ட்லெஸ் படை முழுவதும் பொம்மைகளாகி, அப்நெகேஷன் மக்களைச் சுடப் புறப்படுகிறது. தூக்கத்தில் நடப்பவர்களைப்போல் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் சட்டை மாட்டும் அந்த விடிகாலைக் காட்சி மட்டும் நடுங்க வைக்கிறது. பிறகு வேகம்தான். அம்மா இறக்கிறாள், அப்பா இறக்கிறார், நண்பன் வில்லை ட்ரிஸ்ஸே சுடவேண்டியதாகிறது. மூன்று மரணமும் அடுத்தடுத்து வருவதால் எதற்கும் அழ நேரம் கிடைக்கவில்லை. ஆஷ்லி ஜட் தாயாக வரும் சில நிமிடங்களில் படத்துக்கே ஒரு வெப்பம் வருகிறது. அவர் சாகும்போது அது அணைந்துபோகிறது.

காதலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தியோ ஜேம்ஸ் பார்க்க லட்சணமாக இருக்கிறார், குறைவாகப் பேசுகிறார். இரண்டுமே அந்தப் பாத்திரத்துக்குப் போதும். ஜங்க்கி எக்ஸ்எல் இசை சில இடங்களில் காதை அடைக்கிறது. கேலப்பாக வரும் ஆன்செல் எல்கார்ட் அதே ஆண்டு இன்னொரு படத்தில் உட்லிக்குக் காதலனாக நடித்தார். அதை முதலில் பார்த்தவர்களுக்கு இங்கே இருவரையும் அண்ணன் தங்கையாக ஏற்றுக்கொள்வது கொஞ்சம் சங்கடம்.

படம் ஓடியது, ஆகவே 2015-இலும் 2016-இலும் தொடர்ச்சிகள் வந்தன, வேறு இயக்குநரிடம். மூன்றாம் நாவலை இரண்டு படமாகப் பிளந்தார்கள், வசூல் ஆசையில். முதல் பாதி தோற்றது. இரண்டாம் பாதியை எடுக்கவே இல்லை. ஆகவே திரையில் இந்தக் கதைக்கு இன்றுவரை முடிவு கிடையாது. முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் மூன்றாவது நாவலைத்தான் தேடிப் படிக்கவேண்டும். தொடர்ச்சிகளில் நேரத்தைச் செலவழிக்கவேண்டாம். முதல் படம் தனியாகவே நிற்கும். ரயில் ஏறிப் போகும் இடத்தில் முடித்துக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், சேர்க்கைக்கு முன்பு சேர்ந்து பார்க்கலாம். அடிதடி உண்டு, ஒரு தற்கொலை உண்டு. ட்ரிஸ்ஸின் இறுதிச் சோதனையில் பலாத்காரத்தை உணர்த்தும் ஒரு சிறு காட்சியும் உண்டு, அவள் எதிர்த்து உதைத்துத் தள்ளுகிறாள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். முழுப் படத்துக்கு நேரமில்லை என்றால் கிண்ணக் காட்சிவரை போட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். பிள்ளையிடம் எந்தக் கிண்ணம் என்று கேளுங்கள். விடை வரும்வரை அப்பாக்கள் தயவுசெய்து வாயைத் திறக்கவேண்டாம்.